கோட்டின் முதுகில் ஊசித் துளைகள்

14 ஜனவரி 2024, ஞாயிறு

பூசை முடிந்ததும் கூலிம் டவுன் பண்டல் கடைக்கு நழுவினேன். ஜப்பானில் யாரோ உடுத்திக் கழித்ததை மூட்டையாக இறக்கி விற்கிற கடை. ஒரு கறுப்புக் கோட்டு கிடைத்தது. ஜூலை 6 செரீனாவுக்குக் கல்யாணம். மகளின் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போகிற அப்பன் வெறும் சட்டையோடு போகலாமா? புதுக் கோட்டின் விலையைக் கேட்டபோது, போகலாம் என்றுதான் தோன்றியது.

மனைவி செலஸ்டினிடம், பினாங்கில் வாங்கிய புதுசு என்றேன். அவள் கேட்கவே இல்லை. நானாகப் போய்ச் சொன்னேன். பூசைக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவில் பினாங்கு போய்வந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

17 ஜனவரி

கோட்டை வெயிலில் போட்டபோது கண்ணில் பட்டது. முதுகின் நடுத் தையலுக்கு இரண்டு பக்கமும் பொடிப்பொடி ஓட்டைகள். கழுத்துக்குக் கீழே தொடங்கி அடிவரை, ஒரே சீராக. பூச்சி இவ்வளவு ஒழுங்காகத் தின்னாது.

கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக என் வேலையே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான். சூப்பர்வைசர் வேறு.

20 ஜனவரி

பிரெடியிடம் காட்டினேன். செலஸ்டினின் தம்பி, சவப்பெட்டிக் கடையில் வேலை. தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

“மச்சான், செத்தவங்களுக்குக் கோட்டு மாட்டுறப்போ கை மடங்காதுல்ல? நாங்க முதுகுல நீட்டா வெட்டித்தான் போடுவோம்.”

“அதுக்கு?”

“இதே இடந்தான் லா.”

புதைத்த கோட்டு எப்படிக் கடைக்கு வரும் என்று கேட்டேன். “அது எனக்கு எப்படித் தெரியும்? நான் பெட்டி மூடுறவரைக்குந்தான்” என்கிறான்.

நான் நம்பவில்லை. கோட்டின்மேல் தீர்த்தம் தெளித்தது சும்மா, ஒரு பாதுகாப்புக்கு.

27 ஜனவரி

கூலிம் நடராஜா அண்ணனின் தையல் கடை. தீர்த்தம் தெளித்ததைச் சொல்லி, பிணக் கோட்டா என்று கேட்டதும் மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உனக்கு வயசு என்னா தம்பி?”

வெட்டே இல்லையாம். பழைய தையலின் ஊசித் துளைகளாம். நடுத் தையலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஓரத்தில் இன்னொரு வரிசை, கோட்டு தைத்த அன்றைக்குப் போட்டது. ஆக மூன்று அளவு: ஓரத்தில் அகலமானது, நான் வாங்கியபோது தையல் இருந்த நடுவானது, வெளியே துளைகளாகத் தெரிகிற ஒடுக்கமானது. உடுத்தியவர் எப்போது எப்படி இருந்தார் என்று ஏதோ விளக்கினார். பிணம் இல்லை என்ற சந்தோஷத்தில் நான் காதில் வாங்கவில்லை.

என் தொப்பைக்கு அகலமானதுதான் சரி. பழைய வரிசையிலேயே தைத்துவிட்டார். இப்போது முதுகில் இரண்டு வரிசை ஓட்டை தெரிகிறது.

14 பிப்ரவரி, திருநீற்றுப் புதன்

நாற்பது நாள் இறைச்சி கிடையாது. தேத்தண்ணி, சிராப் சர்பத் பற்றி ஆண்டவர் எதுவும் சொல்லவில்லை.

2 மார்ச்

பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறேன்! தவக்காலத்தின் கிருபை. கோயில் வாசலில் நான்கு பேரிடம் சொன்னேன். ஐந்தாவது ஆள் கேட்காமலேயே சொன்னேன்.

தாகந்தான் தாங்கவில்லை. வெயில் அப்படி.

9 மார்ச்

கோட்டு தொளதொளவென்று ஆகிவிட்டது. நடராஜா அண்ணன் நடு வரிசைக்குப் பிடித்தார். “புது ஓட்டையே வேணாம். அந்த ஆள் உனக்காகவே போட்டு வச்சிருக்கான்” என்றார். பெருமையாக இருந்தது. 

28 மார்ச், பெரிய வியாழன்

மறுபடியும் தொளதொள. இந்தமுறை ஒடுக்கமான வரிசை. முதுகைக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு ஓட்டைகூடத் தெரியவில்லை, புதுக் கோட்டுதான். பினாங்கு என்று நானே நம்பிவிடுவேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. கடையில் இருந்த அரைமணி நேரத்தில் நான் நாலு கிளாஸ் தண்ணீர் குடித்து, இரண்டு தடவை பின்பக்கம் போய்வந்ததை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

“மீன் தின்னு யாரும் இப்படி இளைக்க மாட்டாங்க. கிளினிக் போ. போகாம இந்தக் கோட்டைத் தூக்கிட்டு இங்க வராத.”

1 ஏப்ரல்

இனிப்பு நீர். இரத்தத்தில் சர்க்கரை ஆறு ஏழு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்று. நர்ஸ் இரண்டாவது தடவை குத்திப் பார்த்தாள், மெஷின் கோளாறோ என்று.

கிருபையாம். ஐந்து பேரிடம் சொன்னேனே.

3 ஏப்ரல்

செலஸ்டினிடம் இன்னும் சொல்லவில்லை. இதில் மட்டும் பொய் சுலபமாக வருகிறது.

எங்கப்பாவும் இப்படித்தான் இளைச்சாரு. சட்டை அவர்மேல தொங்குனது கண்ணுலயே நிக்குது. என் கல்யாணத்துக்கு அவர் இல்ல. செரீனா கல்யாணத்துக்கு நான் — இருப்பேனா? யாருகிட்ட கேக்குறது? அந்தக் கோட்டுக்காரன் இந்த வரிசை வரைக்கும் இறங்கினானே, அதுக்கப்புறம் அவனுக்கு என்னாச்சு? பயமா இருக்கு. எழுதுறதுக்கே பயமா இருக்கு.

6 ஏப்ரல்

கிளினிக் அட்டையைக் காட்டித்தான் கடைக்குள் போனேன். அந்த ஆள் செத்துவிட்டானா என்று நடராஜா அண்ணனிடம் கேட்டேன்.

“ஜனவரியிலேயே சொன்னேனே! உனக்குக் காது எங்க இருந்துச்சு?” கத்தினார். “நீ கொண்டாந்தப்போ தையல் எங்க இருந்துச்சு?”

“நடுவுல.”

“ஒடுக்கமான வரிசை எங்க தெரிஞ்சுச்சு?”

“வெளியில.”

“பிடிச்சதைப் பிரிச்சு விட்டாத்தான் ஓட்டை வெளிய தெரியும். அவன் இளைச்சான், அப்புறம் தேறிட்டான். தேறினவன் கோட்டைத்தான் நீ தீர்த்தம் தெளிச்சுக் கொண்டாந்த!”

கடையில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்துநாலு வயசு. பாவாடை தைக்க வந்த அம்மா ஒருவர் டிஷ்யூ கொடுத்தார்.

வீட்டுக்குப் போய்ச் செலஸ்டினிடம் எல்லாம் சொன்னேன். அழுதாள், திட்டினாள், சர்க்கரை டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். பண்டல் கடை விஷயத்தையும் சொன்னேன். “தெரியும். வந்த அன்னிக்கே கோட்டுல அந்தப் பண்டல் கடைப் பூச்சிமருந்து வாசம்” என்றாள்.

19 மே

தினமும் இன்சுலின். இப்போது என் வயிற்றிலும் வரிசையாக ஊசித் துளைகள். நானும் கோட்டும் ஒரே ஜாதி.

29 ஜூன்

கோட்டு இறுக்குகிறது! நாலு கிலோ ஏறியிருக்கிறேன். டாக்டர் பரவாயில்லை என்றார். அண்ணன் நடு வரிசைக்குப் பிரித்து விட்டார். செரீனாவுக்குத்தான் கவலை: “அப்பா, பின்னாலருந்து ஓட்டை தெரியுது. கறுப்பு மார்க்கர் வச்சு அடைச்சிடவா?”

வேண்டாம் என்றேன்.

7 ஜூலை

நேற்று மகளைப் பீடம்வரை கூட்டிப்போனேன். கோயில் முழுக்க என் முதுகைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் மெதுவாக நடந்தேன்.