உன் பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக்

இன்று ஒரு பழைய காரின் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் பிரேக் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. உன் பிக்கப் நினைவுக்கு வந்தது. நீ இறந்துபோய் ஒன்பது மாதமாகிறது. இரண்டு மாதத்துக்கு முன் உன் மனைவி அதை லுக்குட்டில் இருக்கும் என் பட்டறைக்கு ஓட்டி வந்தாள்.

"டிஸ்க் பிரேக் மாத்திக் குடுங்கண்ணே. அவரு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருந்தாரு."

சொன்னாய்தான். எண்ணெய் மாற்ற வரும்போதெல்லாம் சொன்னாய். "சாமான் கிடைக்கலைடா" என்பேன். பாரோய் ஊரில் பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடையில் அந்தச் சாமான் எப்போதும் கிடந்தது. எனக்குத்தான் அந்தப் பிரேக்கில் கை வைக்க முடியவில்லை. ஏன் என்பது நம் இருவருக்கு மட்டும் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன், கோலா சாவாவில் நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் வண்டியைக் காட்ட வந்தாய். முன்சக்கரத்து ரப்பர் குழாய் வெடிப்பு விட்டுக் கசிந்திருந்தது. பார்த்தேன். பட்டறையில் வேறு குழாய் இல்லை. வாங்கப் போனால் அரை நாள் போய்விடும்.

"தாங்குமாடா?" என்று கேட்டாய்.

"தாங்கும் லா. திருவிழா முடிஞ்சு வா."

அந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒரே வழியாகப் போகும். ஓரிடத்தில் பிய்ந்தால் நான்கும் போச்சு. மறுநாள் தேங்காய் மூட்டைகளோடு தோட்டத்து இறக்கத்தில் வந்தபோது பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. கீழே பந்தலில் சனம். கியரைக் குறைத்து, செம்மண் மேட்டில் மோதி நிறுத்தினாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. கோணலாகக் கூடிய அந்தக் கை இன்றும் முழுதாக மடங்காது.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கேட்டபோது, "நான்தான் வேகமா வந்துட்டேன்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பிறகு தனியாக, "உன் கடைய நம்பி நாலு பேரு வராங்க. விட்டுடு" என்றாய். விட்டுவிட்டேன்.

இந்த முறை டிஸ்க் மாற்றும் வேலை நான்கு நாள் பிடித்தது. முன்பக்கம் டிஸ்க், எண்ணெயைத் தள்ள இரண்டு அறை கொண்ட மாஸ்டர் பம்பு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய். ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். கடைசியாகக் குழாயில் நிற்கும் காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். உன் மனைவி ஏறி மிதியை அமுக்கினாள். நான் சக்கரத்தருகே படுத்து நட்டைத் திறந்தேன். அங்கிருந்து அவள் முகம் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிந்தது.

"தங்கச்சி, அன்னைக்கு அவன் வேகமா வரலை. பிரேக் குழாய் பிஞ்சிடுச்சு. அது கெட்டிருக்குன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

மிதி அமுங்கியபடியே இருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். தாங்கும்னு நான்தான் சொன்னேன்."

"பதினோரு வருசமா அவரத் திட்டியிருக்கேண்ணே. கை வலிக்கிறப்பல்லாம் திட்டியிருக்கேன். கடைசியா படுக்கையில கெடந்தப்பகூட. ஒரு வார்த்தை சொல்லலையே அவரு."

நட்டை மூடினேன்.

"மிதிய விடட்டுமா?" என்று கேட்டாள்.

"விடுங்க."

வேலை முடிந்ததும், "ஏறுங்க" என்றாள். கோலா சாவாவுக்குப் போய் அதே இறக்கத்தில் இறங்கினாள். பாதியில் ஓங்கி மிதித்தாள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நின்றது. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லா புடிக்குது. நீங்க இங்கயே எறங்கிக்குங்கண்ணே."

இறங்கிப் பெரிய சாலைவரை நடந்தேன். வெயில் கடுமையாக இருந்தது.

அதற்குப் பிறகு வண்டி இந்தப் பக்கம் வரவில்லை. கோலா சாவாவில் ஓடுவதாகக் கேள்விப்படுகிறேன். நீ அவளிடம் வாங்கிய திட்டெல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டியது. இப்போதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறேன். அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.