எல்லாருடைய பேரும் இருந்த கசெட்

அண்ணை,

உங்கள் கசெட் பெட்டியைத் திறந்தால் இன்னும் பூச்சி உருண்டை மணம்தான். நீங்கள் கண்ணை மூடி மூன்று வருசம், அந்த மணம் மட்டும் போகவில்லை. நாங்கள் வென்றுவிட்டோம், அண்ணை. அதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

போன மாதம் பஸ் நிலையத்தில் ஏறிய ஓட்டோவில், அந்த நாளில் கசெட்டில் பதிந்த நம்முடைய பாட்டு ஓடியது. குரல் என்னுடையது. போனில் அந்தப் பாட்டைத் தேடிப் பார்த்தால், வரியும் மெட்டும் யாரோ முன்பின் தெரியாத ஒருவருடையதாம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பாட்டை வெளியிட்ட கம்பனிக்குப் போன் அடித்துக் கேட்டேன். ஆதாரம் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள்.

அப்போதுதான் உங்கள் கிறுக்கு நினைவுக்கு வந்தது. உங்கள் அன்புவழிபுரத்து வீட்டு முன்னறை, வெளிச்சத்தம் வராமல் யன்னலெல்லாம் மெத்தை, நடுவில் மைக். பதிவு தொடங்கினால் முதலில் ஆளாளுக்குப் பேர், ஊர், செய்த வேலை சொல்லவேண்டும். வரியும் மெட்டும் போட்ட மேரி அக்கா கூச்சப்பட்டா. மேளம் அடித்த கிண்ணியா நஸீர் நானா வாய்க்குள் முணுமுணுக்க, நீங்கள் நிறுத்தித் திரும்பச் சொல்ல வைத்தீர்கள்.

"பாட்டுப் பதியிறியளோ, சனத்தொகைக் கணக்கெடுக்கிறியளோ?" என்று ஏசினேன்.

"பாட்டு ஊரெல்லாம் போகும், தங்கச்சி. பேரும் கூடப் போகவேணும்" என்றீர்கள்.

உப்புவெளியில் ஒரு பழைய கசெட் ரெக்கோர்டரை இரவல் வாங்கி, அந்தக் கசெட்டைப் போட்டேன். எல்லாப் பேரும் இருந்தது, நஸீர் நானாவின் பேர் இரண்டு தரம். அதைப் போனில் பதிந்து கம்பனிக்கு அனுப்பினேன். இன்று காலமை பதில் வந்தது, பேர்களை மாற்றுகிறார்களாம். நானாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். "ஓம் தங்கச்சி, ஓம்" என்றார்.

பதிலின் கடைசியில் ஒரு கேள்வி. தயாரிப்பாளர் யார்? அந்தப் பேர் பதிவில் இல்லையே?

முதலிலிருந்து திரும்பக் கேட்டேன். உண்மையாகவே இல்லை. "அண்ணை, உங்கட பேர்?" என்று நான் கேட்பது மட்டும் இருக்கிறது. "நான் என்ன பாடினனானே? பொத்தானை அமத்தினனான், அவ்வளவுதான்" என்கிறீர்கள். எல்லாரும் சிரிக்கிறோம்.

எனக்கு இன்று சிரிப்பு வரவில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. மேரி அக்காவின் கொப்பியில் கிடந்த பாட்டைக் கண்டெடுத்தது யார்? கிண்ணியாத் துறையில் படகுக்குக் காத்துக் கிடந்து நானாவைக் கூட்டிவந்தது? என்னைப் பதினாலு தரம் பாடவைத்தது? சைக்கிளில் கசெட் கட்டிக்கொண்டு கடை கடையாக அலைந்தது? பொத்தானாமே, பொத்தான்.

பின்னேரம் மேரி அக்கா வீட்டில் மூன்று பேரும் கூடினோம். தயாரிப்பாளர் என்று உங்கள் முழுப்பேரையும் எழுதி, மூவரும் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டோம். உங்களைக் கேட்கவில்லைத்தான்.

விருப்பமில்லையென்றால் வந்து சண்டை பிடியுங்கோ, அண்ணை. நான் வீட்டில்தான் இருப்பன்.