கழுத்தில் தொங்கிய கடல்

புதன், பிப்ரவரி 15

ஒவ்வொரு புதன்கிழமையும் நான் ஏன் இவர்களோடு நடக்கப் போகிறேன்? பதில் தெரியவில்லை. இயற்கையின் மேல் எனக்குப் பெரிய பக்தி கிடையாது. சேறு அறவே பிடிக்காது. பல்கலைக்கழகம் எங்கள் துறையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மற்றவர்கள் எழுதிய புத்தகங்களின் கடைசிப் பக்கங்களுக்குச் சொல்லடைவு தயாரித்துப் பிழைக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது யாராவது "பிலிப்பா" என்று கூப்பிடட்டும் என்றுதான் போகிறேனோ என்னவோ. அதுவும் முழுப் பதில் இல்லை.

நாங்கள் நான்கு பேர். முன்னால் ரோலண்ட்: எழுபத்திரண்டு வயது, ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார், பதினோரு வருடமாக எங்கள் வழிகாட்டி. அடுத்து டாஃப்னி, அறுபது வருடத்தில் ஒருவர் மனதையும் புண்படுத்தாதவள். பிறகு கிரஹாம், அவருக்கு நடை என்பது பப்பில் கிடைக்கும் சாசேஜுக்கும் மசித்த உருளைக்கிழங்குக்கும் செலுத்தும் காணிக்கை. கடைசியில் நான்.

இன்று பாதை பிரியும் இடத்தில் ஒரு கம்பம். அதில் மஞ்சள் அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது. ரோலண்ட் வலப்பக்கம் போனார். நான் பார்த்தேன். மற்ற இருவரும் பார்த்ததையும் பார்த்தேன். கிரஹாம் குனிந்து, அவிழாத ஷூ நாடாவை மறுபடி கட்டினார். டாஃப்னி, "மேகமெல்லாம் என்ன அழகா இருக்கு!" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. மூவரும் வலப்பக்கம் போனோம்.

முக்கால் மணி நேரம் கழித்து முழங்கால் வரை சாணி.

"எங்க போறீங்க எல்லாரும்?" என்றார் ஒரு விவசாயி.

"இந்தப் பாதை வழியா அப்படியே ஆத்தங்கரைக்கு," என்றார் ரோலண்ட் கம்பீரமாக.

"இது பாதை இல்லீங்க. என் மாட்டுக்கொட்டில்."

மாட்டிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

'கறுப்புக் கடா' பப்பில் சமையலறை இரண்டு மணிக்கு மூடும். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனபோது மணி இரண்டு ஐந்து. "அடுப்ப அணைச்சாச்சு, ராசா," என்றாள் கிளெனிஸ், பப்பின் முதலாளியம்மா. "சிப்ஸ் பாக்கெட் இருக்கு. வேணும்னா என் அனுதாபமும் இருக்கு." கிரஹாமின் முகத்தில் துக்க வீட்டுக் களை.

ரோலண்ட் கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் வரைபட உறையை மேஜையில் வைத்து, "நாம இந்த ஓடைகிட்ட கொஞ்சம் விலகிட்டோம்" என்று விரலை வைத்தார். விரல் கடலில் இருந்தது. உறைக்குள் இருந்தது டெவன் கடற்கரை. பாதிக்கு மேல் நீலம். நாங்கள் நடக்கும் ஷ்ராப்ஷயரில் ஏது கடல்? நாங்கள் மூவரும் கடலைப் பார்த்துத் தலையாட்டினோம்.

வியாழன், பிப்ரவரி 16

ஐந்து வாரமாக அதே வரைபடம்தான். இப்போதுதான் உறைக்கிறது.

புதன், பிப்ரவரி 22

வேலியில் மாட்டியிருந்த நீல உரச்சாக்குக்கு ரோலண்ட் தொப்பியைத் தூக்கி, "காலை வணக்கம்மா" என்றார். டாஃப்னியும் அதற்கு வணக்கம் சொன்னாள்! அவர் தனியாகச் சொன்னதாக ஆகிவிடக்கூடாதாம்.

சாக்கு போகட்டும். அவர் கார் ஓட்டுகிறார். வாராவாரம் டாஃப்னியை ஏற்றிக்கொண்டு வருவது அவர்தான். இன்று பப் வாசலில் வண்டியை நிறுத்தும்போது கிளெனிஸின் பெரிய பூந்தொட்டி இரண்டாகப் பிளந்தது. டாஃப்னி இறங்கியபடியே, "அந்தத் தொட்டி எப்பவுமே கொஞ்சம் வழியிலதான் இருந்துச்சு" என்றாள். எப்பவுமே! போன மாதம்தான் அதை ஆறடி தள்ளி வைத்தார்கள், இவருக்காகவே.

நான் கை கழுவப் போனபோது கிளெனிஸ் பின்னாலேயே வந்தாள்.

"மூணாவது தொட்டி, கண்ணு. நானும் நகத்தி நகத்தி வைக்கிறேன். எதிர்ல பள்ளிக்கூட பஸ் நிக்கிற இடம். அடுத்த தடவை தொட்டியா இருக்காது."

"நீங்களே சொல்லலாமே."

"நான் கடை வச்சிருக்கிறவ. நீங்கல்லாம் சிநேகிதங்க."

வெள்ளி, பிப்ரவரி 24

டாஃப்னி வீட்டில் ரகசியக் கூட்டம். ரோலண்டைத் தவிர அனைவரும் ஆஜர். தேநீர், எலுமிச்சை கேக்.

நாற்பது நிமிடம், எப்படிச் சொல்வது என்று. "மெதுவா, சுத்தி வளைச்சு," என்றாள் டாஃப்னி. "சாப்பிட்ட பிறகு," என்றார் கிரஹாம். கடைசியில் ஒரு வாழ்த்து அட்டை எழுதுவது என்று முடிவானது. முயல் படம் போட்ட அட்டை. 'பதினோரு வருட வழிகாட்டலுக்கு நன்றி' என்று எழுதினோம். அவர் கண்ணைப் பற்றி ஒரு வரி சேர்க்க இடமிருந்தது. அந்த இடத்தில் டாஃப்னி இன்னொரு முயல் வரைந்தாள்.

"அட்டையைப் படிச்சா இன்னும் முன்னாடி நடப்பார்," என்றேன்.

"அப்போ நீயே சொல்லிடு பிலிப்பா. நீதான் யுனிவர்சிட்டியில இருந்தவ. உனக்கு மனசுல பட்டதைச் சொல்லிப் பழக்கம்," என்றாள் டாஃப்னி.

பழக்கமா? இருபது வருடத் துறைக் கூட்டங்களில் நான் வாய் திறந்தது ஜன்னலை மூடச் சொல்ல மட்டும்தான்.

புதன், மார்ச் 1

இரண்டு மைல் அவர் பக்கத்திலேயே நடந்தேன். "ரோலண்ட்..." என்று ஆரம்பித்தேன். "சொல்லு," என்றார். "வெயில் நல்லா இருக்கு," என்றேன்.

அவர் காரில்தான் டாஃப்னி திரும்பிப் போனாள். கையாட்டினேன்.

வியாழன், மார்ச் 2

கோழை.

புதன், மார்ச் 8

சொல்லிவிட்டேன்.

வேலியைத் தாண்டும் மரப்படியில் ரோலண்ட் மூச்சு வாங்க உட்கார்ந்தார். மற்ற இருவரும் திடீரென்று ஒரு புதரில் அபார ஆர்வம் கொண்டு நகர்ந்து போனார்கள்.

"ரோலண்ட், உங்க கழுத்துல தொங்குறது டெவன்."

உறையை மூக்கு வரை கொண்டுபோனார். "டெவனா? போன மாச வெள்ளத்தைத்தான் நீலமா வரைஞ்சிருக்காங்களோன்னு நினைச்சேன்."

நான் சிரிக்கவில்லை. அவரும் இல்லை.

"எத்தனை வாரமா?"

"எட்டு."

"யாரும் சொல்லலையே."

"இல்ல. கார் விஷயமும் யாரும் சொல்லலை. நீங்க ஓட்டக்கூடாது ரோலண்ட். யாராவது சாகப் போறாங்க." குரல் கிறீச்சிட்டது — என் குரலா அது?

குனிந்து புல்லைப் பார்த்தார். புல் தெரிந்ததோ இல்லையோ.

"ஓட்டாதேன்னு கண் டாக்டர் ஜனவரியிலயே சொல்லிட்டார். ஆனா வாராவாரம் டாஃப்னி பக்கத்துல உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு வர்றா. கண்ணு அவ்வளவு மோசம்னா அவ ஏறுவாளா? நீங்க மூணு பேரும் பின்னாடியே வர்றீங்க. சாணிக்குள்ள இறங்கினாக்கூட வர்றீங்க. படிச்சவங்க! அதான், டாக்டர்தான் தப்பாப் பார்த்துட்டார்னு முடிவு பண்ணிட்டேன்."

எங்கள் மரியாதையைத்தான் அந்த மனிதர் கண்ணாடியாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கார் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடினார். பப்பில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிளெனிஸிடம் மட்டும், "தொட்டிக்கு மன்னிச்சுக்கம்மா," என்றார்.

"பழைய இடத்துலயே ஒண்ணு வச்சுக்கட்டுமா?"

"வச்சுக்கோ."

எல்லோருக்கும் சூடான சாப்பாடு கிடைத்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கிரஹாம் சாப்பிட்டார்.

ரோலண்டின் காரை நான்தான் ஓட்டிக்கொண்டு போய் அவர் வீட்டில் விட்டேன். வாசலில் இறங்கி, முதுகைக் காட்டியபடி சொன்னார்: "நாளைக்குப் பத்தரைக்குக் கண் ஆஸ்பத்திரி. பஸ்ல போயிக்கிறேன்."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"உனக்கு வழி தெரியாது."

"நீங்க சொல்லுங்க."

வியாழன், மார்ச் 9

ஒன்பதே முக்காலுக்கு என் காரில் கிளம்பினோம். ஆஸ்பத்திரிக்கு வழி எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். "அந்த ஓக் மரத்துகிட்ட இடது," என்றார் ரோலண்ட். அது மின்கம்பம். இடது திரும்பினேன். பிறகு ஒரு வலது, மறுபடி ஓர் இடது. மூன்றும் தவறு. மூன்று தடவையும் திரும்பினேன். ஒரு கோழிப்பண்ணையை இரண்டு முறை பார்த்தோம்.

நாற்பது நிமிடம் தாமதம். வரவேற்பில் இருந்த பெண், "வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எனக்கு இல்லம்மா," என்றார் ரோலண்ட். "ஓட்டின பொண்ணுக்குத்தான் பூகோளம் கொஞ்சம் பத்தாது."

"ஆமாங்க," என்றேன். "மன்னிச்சுக்கங்க."