என் இடுப்பும் தையல்காரர் முதுகும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே பாதி தெம்பு. அம்மாவை முழங்கால்தான் பாடாய்ப் படுத்துகிறது, வாய் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது. எனக்கு ஒரே அசதி. முதியோர் இல்லத்தில் ஆள் குறைந்துவிட்டது, ஆண்கள் பகுதிக்கு நானும் என்னோடு வேலை பார்க்கும் நெட்டையனும்தான், துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்குவது எல்லாம் எங்கள் தலையில். வீட்டுக்கு வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை, அம்மாதான் திட்டிக்கொண்டே கழற்றிவிடுகிறாள்.

போன மாதம் இல்லத்துக்கு வரும் பிசியோதெரபி பெண் எங்களையெல்லாம் கூடத்தில் நிற்கவைத்து, வேலை தொடங்குமுன் தினமும் கொஞ்ச நேரம் உடற்பயிற்சி செய்யச் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாள் பூரா ஆளைத் தூக்குறோமே, இதுக்கு மேல பயிற்சி எதுக்கும்மா என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், பாவம், அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. தூக்கித் தூக்கி உடம்பு தேயத்தாங்க செய்யும், பயிற்சி செஞ்சாத்தான் தாங்கும் என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மறுநாள் கூடத்தில் அவள் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் பகுதியில் பக்கவாதம் வந்த தையல்காரர் ஒருவர் இருக்கிறார், நல்ல பாரம், தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. கொஞ்ச நாளாக நான் திருப்பப் போனால், இப்படியே இருக்கட்டும்ப்பா, சொகமா இருக்கு என்பார். எனக்கும் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும், சரி என்று போர்வையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவேன். போன வாரம் விரிப்பு மாற்றுவதற்காகத் திருப்பினால், முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். பதறிப்போய், ஏங்க சொல்லலை என்று கேட்டேன். என்னைத் தூக்குறப்ப உன் மூஞ்சி போற போக்கைப் பாக்க முடியலப்பா என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நெட்டையன் பார்க்கிறானே என்றுகூடத் தோன்றவில்லை.

இப்போது தினமும் கூடத்தில் அந்தப் பிசியோதெரபி பெண்ணோடு போய் நிற்கிறேன். சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல இறங்கி எழுவதற்குள் உயிர் போகிறது. கேலி செய்ய வந்த நெட்டையனும் எங்களோடு சேர்ந்துகொண்டான். வலி ஒன்றும் பறந்துவிடவில்லை, ஆனால் முகத்தைச் சுளிக்காமல் அவரைத் திருப்ப முடிகிறது. புண் இன்னும் ஆறவில்லை, மருத்துவர் பார்ப்போம் என்கிறார்.

நீயும் அங்கே இதே வேலைதான் பார்க்கிறாய். இடுப்பு வலி என்கிறாய், பயிற்சி செய்யேன் என்றால் நேரமில்லை என்கிறாய், எனக்குப் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு, வாரம் ஒரு தரமாவது அம்மாவிடம் பேசு. நோய்நொடியில்லாமல், நிற்கும் காலில் தெம்போடு நீ நீடூழி வாழவேண்டும். உனக்காகச் சொன்னால் நீ கேட்கமாட்டாய் அம்மாடி, எனக்குத் தெரியும். அங்கேயும் யாரோ ஒருவர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு வலியைச் சொல்லாமல் படுத்திருப்பார், அவருக்காகச் செய்.

இப்படிக்கு,
உன் அப்பா