செம்புத் தகடு

திருத்தங்கல்
8.6.2025

அன்பு மகள் ஓவியாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் டைப் அடித்தால் விரல் வழுக்குகிறது. தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

உன் வீடியோவை சிவகாசி பஸ்ஸில் பார்த்தேன். நீ கடலுக்குள் இறங்கியதும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நீ முதுகில் சிலிண்டரோடு சுகமாகப் போகிறாய்; எனக்குத்தான் கண் பிதுங்கிவிட்டது. கண்டக்டர் முதுகில் தட்டி, "பெருசு, நெஞ்சு வலியா?" என்றார். "இல்ல தம்பி, மகளோட கடலுக்குள்ள இருந்தேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

உலகப் போரில் குண்டு விழுந்து எகிப்துக் கடலில் மூழ்கிய சரக்குக் கப்பல், உள்ளே மோட்டார் சைக்கிளாக நிற்கிறது என்கிறாய். சரி. பக்கத்து அறையில் பீரங்கிக் குண்டு கிடக்கிறதாமே! பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் மகள் அங்கேயும் மருந்துப் பக்கம்தான் போக வேண்டுமா?

ஆட்களை அதற்குள் கூட்டிப்போய்க் காட்டுகிற வேலை நிரந்தரமாகிறது, சேரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மா, "நீங்களே சொல்லுங்க" என்று நகர்ந்துவிட்டாள். யோசிக்க விடு. அதுவரை ஒன்று: நாங்கள் மருந்து கலக்குகிற ரூம் வாசலில் தொடுகிற மாதிரி, நீயும் உள்ளே நுழையுமுன் எர்த் தகட்டைத் தொடு. உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும்.

அப்பா
முனியராஜ்

---

11.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கீகளா? கடலுக்குள்ள எர்த் தகட்டுக்கு எங்கன போவேன்? சுத்தி உப்புத் தண்ணி, உடம்புல எப்படிப்பா கரண்ட் நிக்கும்? குண்டுகளை நாங்க தொடுறதே இல்ல.

ஆனா நேத்து உள்ளே நுழையும்போது என் கை தானாப் போய் வாசல் இரும்பைத் தொட்டுருச்சு. பின்னால வந்தவுக எல்லாரும், இதுதான் சட்டம் போலன்னு நினைச்சு, வரிசையாத் தொட்டுட்டு வந்தாக!

நீங்க வேணாம்னா ஊருக்கு வந்துருவேன். கோவிக்க மாட்டேன். சீக்கிரம் சொல்லுங்க.

உங்கள்
ஓவியா

---

திருத்தங்கல்
13.6.2025

ஓவியா தாயி,

சேர்ந்துகொள். கப்பலையே எர்த் தகடாக்கி எல்லாரையும் தொட வைத்தவளை நான் என்ன சொல்லித் தடுக்க? தீபாவளிக்கு மட்டும் வந்துவிடு. கம்பெனியில் கொடுக்கிற பட்டாசுப் பெட்டியைப் போன வருஷம் யாரும் பிரிக்கவே இல்லை. அம்மா உனக்குச் சீவல் பலகாரம் சுட்டு அனுப்புகிறாள், கடலுக்குள் கொண்டுபோகாதே.

அப்பா

பின்குறிப்பு: இன்று காலை கலவை ரூம் வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டேன். பிறகு இன்னொரு தரமும் தொட்டேன். ஃபோர்மேன் தங்கச்சாமி பார்த்துவிட்டார்.

"ஏலே முனியராஜு, இப்பத்தானலே தொட்ட?"

"மறதிண்ணே, வயசாகுதுல்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாவது உனக்காக. அதை அவர்களிடம் சொல்லவில்லை.