பிசினுக்குள் ஒரு படிக்கட்டு

நேற்று பல் அடைக்கப் போயிருந்தேன். டாக்டரம்மா குழிக்குள் பிசின் போல எதையோ வைத்து, நீல விளக்கைக் காட்டி, "அசையாதீங்க மேடம், வெளிச்சம் பட்டா இறுகிடும்" என்றாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சிக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நீயும் நானும் டெமான்ஸ்ட்ரேட்டர்கள், தோழிகள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வருவாய். அரியமங்கலத்துப் பட்டறையில் செப்புத் தகடு வெட்டி வாங்கி நாமே ஒரு லேசர் செய்தோம். அதன் புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. பல் வைத்தியர்களின் பிசினைக் கண்ணாடித் தட்டில் ஊற்றினால், கதிர் பட்ட இடம் மட்டும் இறுகும். மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருகித் திருகி, மயிரிழை கனத்துக்கு ஒரு படி, அதன்மேல் இன்னொரு படி என்று மூன்று வாரம் கட்டினாய். மிளகு உயரத்தில் ஒரு சுழல் படிக்கட்டு. "எறும்பு ஏறி உச்சிப்பிள்ளையாரப் பாக்கட்டும்டி" என்று என்னைச் சீண்டுவாய்.

அடுத்த வாரம் மெட்ராஸில் உனக்கு ஆராய்ச்சி இடத்துக்கு நேர்முகத் தேர்வு. படிக்கட்டைக் காட்டினால் இடம் நிச்சயம் என்று நம்பினோம். உன் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட உனக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. இன்னும் இரண்டு படி பாக்கி. படிக்கட்டு பிசினுக்குள்ளேயே மூழ்கியிருந்தது. அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று நீ வரவில்லை. "தட்டை யாரும் தொடாம பாத்துக்கடி" என்று மட்டும் சொல்லியிருந்தாய்.

யாரையும் தொடவிடவில்லை. ஆனால் வெளிச்சம் படாமலிருக்க நீ போர்த்தியிருந்த கறுப்புத் துணி பூஜைக்கு ஆகாது என்று நான்தான் எடுத்தேன். ஜன்னலில்தான் திரை இருக்கிறதே என்று நினைத்தேன். லேசருக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். சாம்பிராணிப் புகையில் எல்லாரும் இருமிக்கொண்டே வெளியே போனார்கள். புகை போகட்டும் என்று திரையை விலக்கி ஜன்னலையும் நானே திறந்தேன். என் புத்தி எங்கே போயிற்றோ. வெயில் மேஜை முழுவதும் விழுந்தது.

நீ வந்து பார்த்தபோது தட்டு முழுவதும் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது. கண்ணாடிக்குள் கண்ணாடி, படிக்கட்டு எங்கே என்று தேடினாலும் தெரியவில்லை. புட்டியில் பிசின் மிச்சமில்லை. நான் அழுதேன். நீ என் தலையில் குட்டி, "அழாதடி, உள்ள பத்திரமாத்தான் இருக்கு" என்றாய். பேராசிரியர் கத்தியபோது, "நான்தான் சார் முந்தின நாள் ஜன்னலை மூட மறந்துட்டேன்" என்றாய். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. பயத்தில் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மெட்ராஸில் வெறும் செய்முறை நோட்டை வைத்துப் பேசினாய். இடம் கிடைக்கவில்லை. தை மாதம் மணப்பாறைக்கு வாக்கப்பட்டுப் போய், அங்கே கணக்கு டீச்சர் ஆனாய். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

போன மாதம் உன் அடக்கத்துக்கு வந்திருந்தேன். மாதா கோயில் வாசலில் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு ஜன்னலை மூட மறந்தேன், இல்லேன்னா சயின்டிஸ்ட் ஆயிருப்பேன்னு அம்மா சொல்லிச் சிரிப்பாங்க ஆன்ட்டி. அம்மா எதையும் மறக்கிற ஆளே இல்லையே, அது எப்படி?" என்று கேட்டாள்.

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. "எல்லாருக்கும் ஒரு நாள் மறக்கும்மா" என்றேன். நீ போன பிறகும் பழியை உன் மேலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.