பம்பில் சிக்கிய மாலை

அக்கா, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் குளோரின் வாடை போகவில்லை. உன் துண்டிலும் தலைமுடியிலும் எப்போதும் இருந்த வாடை.

உங்கள் காத்தோங் வீட்டின் பின்புறம் இருக்கும் உன் சின்ன நீச்சல்குளம், நீ போன மூன்று மாதத்தில் பாசி பிடித்துப் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. பம்ப் நின்றுபோயிருந்தது. அடித்தரையே தெரியவில்லை. அத்தான் பின்கதவைத் திறப்பதில்லை. மண்ணைக் கொட்டி மூடிவிடப் போவதாகப் போன வாரம் சொன்னார். "அவளோட அதுவும் போச்சு, விடுலா" என்றார்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், உன் படத்துக்குப் போட்டிருந்த சாமந்தி மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். தேக்கா பூக்கடையில் நானே வாங்கியது. காலில் படாமல் தண்ணீரில் விடவேண்டும் என்பார் அம்மா. ஆற்றில் போட்டால் அபராதம் போடும் நம் ஊரில் எந்தத் தண்ணீரில் விடுவது? குப்பையில் போட மனம் வரவில்லை. யாரும் பார்க்காதபோது உன் குளத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூடுவதற்கு முன் ஒரு தடவை சுத்தம் செய்து பார்க்கலாம் என்று அத்தானிடம் கெஞ்சினேன். என் மகள் நிலாவுக்காகத்தான். அவளுக்கு இரண்டு வயதானபோது நீ அவள் வயிற்றடியில் கை கொடுத்து மிதக்கவிட்டாய். அவள் சிரித்தாள். நான் கரையில் நின்று கத்தினேன். நீ ஈரம் சொட்டச் சொட்ட அவளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாய். "சரி, அடுத்த வருஷம் குடு. நீ பயந்தா பயந்துக்க, பிள்ளைக்குப் பழக்காத" என்றாய். அடுத்த வருஷம் நீ இல்லை.

இன்று காலை பம்ப் பழுதுபார்ப்பவர் வந்தார். குப்பையைத் தடுக்கும் கூடையைத் திறந்தால் அழுகிய இதழ்கள். கூடையில் விரிசல் வேறு. அதன் வழியே நுழைந்த மாலை நூல், உள்ளே சுழலும் சக்கரத்தில் இறுகச் சுற்றியிருந்தது.

"என்னம்மா, கோயில் குளம்னு நெனச்சீங்களா?" என்று அவர் சிரித்தார்.

அத்தான் என் பக்கத்தில்தான் நின்றார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"நான்தான் போட்டேன், அத்தான். அவ மாலை."

அத்தான் அந்த நூலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "நான் சரியா பாத்துக்காததாலதான் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். உன்னையா குளத்தையா என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவரே நீண்ட பிரஷ்ஷை எடுத்து வந்தார். மதியம் முழுக்கச் சுவர்களைத் தேய்த்தோம். வடிகட்டி மணலை அலசியபோது குழாயில் பச்சைத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. குளோரின் போட்டாயிற்று, பம்ப் ஓடுகிறது. தெளிய ஒரு வாரமாகுமாம். மண் லாரி வேண்டாமென்று அத்தான் போனில் சொல்லிவிட்டார்.

தெளிந்த பிறகு நிலாவை யாரிடம் கொடுப்பேன் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். உன்னைப்போல் அவளைத் தாங்க யார் இருக்கிறார்கள்? பிடோக்கில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் என் பெயரைப் பதிந்துவிட்டேன், அக்கா. முதல் நாளே முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்வார்களாம். ஆனாலும் போவேன். அவள் வயிற்றடியில் இனி இருக்க வேண்டியது என் கைதான்.